சோறு தண்ணிக்கு, கறி அடுப்புக்கு: மிச்சத்தை ஒரே சட்டியில் சமைப்பது எப்படி?

ராத்திரி எட்டரை மணி. ஃபிரிட்ஜைத் திறந்தால் மதியம் வைத்த சாம்பார் ஒரு கிண்ணம், நேற்றைய கத்தரிக்காய் பொரியல் கொஞ்சம், பாதி வாடிய முருங்கைக்கீரை, இரண்டு வாழைக்காய். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. 'என்ன செய்ய?' என்று யோசிப்பதற்குள் கை செல்போனுக்குப் போய்விடுகிறது. அரை மணி நேரத்தில் பரோட்டா பார்சல் வாசலுக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜில் இருந்தது? நாளைக் காலை குப்பை வண்டிக்கு.

இந்த எட்டரை மணிக் கேள்விக்கு நெல்லைச் சீமை அடுக்களைகளில் இரண்டு பழைய பதில்கள் இருக்கின்றன. ஒன்று, வீட்டில் இருக்கும் அரிசி, பருப்பு, கைக்குக் கிடைத்த காய் எல்லாம் ஒரே பானையில் போகும் கூட்டாஞ்சோறு. இன்னொன்று, மிஞ்சிய குழம்பும் கறிகளும் ஒரே சட்டியில் சேர்ந்து வற்றும் சுண்டக்கறி. இரண்டுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் எது இன்றைக்கும் சரி, ஃபிரிட்ஜ் வந்தபிறகு எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்போம்.

எவ்வளவுதான் வீணாகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஹோட்டலிலோ கடையிலோ போனதல்ல, வீடுகளில் போனது. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு, ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. தோல், கொட்டை போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

55 கிலோவை நாள் கணக்கில் பிரித்தால் ஒருவருக்குச் சுமார் 150 கிராம். நாலு பேர் இருக்கும் வீட்டில் தினமும் 600 கிராம். இதில் பாதி தோலும் காம்பும் என்று வைத்துக்கொண்டாலும், மீதி 300 கிராம் ஒரு ஆளின் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கிட்ட வந்துவிடும்.

கேசரோல் என்றால் ஹாட்பேக் இல்லையா?

நம் வீடுகளில் 'கேசரோல்' என்றால் சப்பாத்தியைச் சூடாக வைக்கும் டப்பா. மேலை நாடுகளில் அது ஒரு சமையல் முறை. அடிகனமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து மூடி வேகவைப்பது. பிரெஞ்சு மொழியில் பாத்திரத்தின் பெயர், காலப்போக்கில் உள்ளே இருக்கும் சாப்பாட்டுக்கும் பெயராகிவிட்டது. 'பொங்கல் பானை'யும் 'பொங்க'லும் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதற்குப் பேர்போன உதாரணம் பீன்ஸ் கேசரோல். 1955-ல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல் சோதனைக்கூடத்தில் டார்கஸ் ரெய்லி என்பவர் உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் எப்போதும் இருக்கும் பொருள்களை மட்டும் வைத்து ஒரு சாப்பாடு என்பதுதான் யோசனை. பீன்ஸ், காளான் சூப் டின், பால், மேலே பொரித்த வெங்காயம். அவ்வளவுதான்.

இந்த வகைச் சமையல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் ஐந்து பாகங்கள் தெரியும்: வயிற்றை நிரப்ப ஒரு தானியம், சத்துக்கு ஒரு பருப்போ முட்டையோ இறைச்சியோ, காய், இவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்க ஒரு கெட்டியான சாறு, கடைசியில் மேலே மொறுமொறுப்பாக ஒன்று.

இப்போது கூட்டாஞ்சோற்றை நினைத்துப் பாருங்கள். தானியம் அரிசி. சத்துக்குத் துவரம்பருப்பு. காய் இருக்கிறது. பிடித்து வைக்க, குழைந்த பருப்பும் அரைத்த தேங்காயும். மேலே? பொரித்த வெங்காய வடகம். ஐந்தும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஓவன் ஒன்றுதான் இல்லை.

கூட்டாஞ்சோறு: எதைப் போடலாம், எதை மாற்றலாம்?

சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து கொஞ்சம் அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு காய் என்று கொண்டுவந்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதற்கும் கூட்டாஞ்சோறு என்றுதான் பெயர். அந்தப் பெயரிலேயே செய்முறை இருக்கிறது: இருப்பதைக் கூட்டு.

நாலு பேருக்கு அளவு இது:

• அரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர்
• நறுக்கிய காய் எல்லாம் சேர்த்து 2 முதல் 3 டம்ளர்
• முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி
• நெல்லிக்காய் அளவு புளி
• அரைக்க: தேங்காய்த் துருவல் அரை டம்ளர், வத்தல் மிளகாய் 5, சீரகம் 1 ஸ்பூன், சின்ன வெங்காயம் 6, மஞ்சள்தூள்
• தாளிக்க: எண்ணெய், கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, கொஞ்சம் சின்ன வெங்காயம். வெங்காய வடகம் இருந்தால் விசேஷம்.
• தண்ணீர் 5 முதல் 6 டம்ளர்

அரிசி குண்டாக இருந்தால் நல்லது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 மாதிரியான குண்டு ரகங்கள் குழைந்து, பருப்போடு சேர்ந்து நிற்கும். பாஸ்மதி மாதிரி உதிரி உதிரியாக நிற்கும் அரிசி இதற்குச் சரிப்படாது.

காய் விஷயத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய், மாங்காய், பலாக்கொட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் போகும். மார்கழி, தையில் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கம் போனால் சிறுகிழங்கு கிடைக்கும். அந்த மண்வாசம் கூட்டாஞ்சோற்றுக்குத் தனி ருசி. நீர் அதிகம் விடும் காய்களான சுரைக்காய், தடியங்காய் போட்டால் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாகற்காய் மட்டும் வேண்டாம், மொத்தப் பானையும் கசந்துவிடும். பீட்ரூட் போட்டால் ருசி கெடாது, ஆனால் எல்லாமே சிவப்பாகிவிடும்.

வரிசைதான் முக்கியம்

பருப்பை முதலில் பாதி வேகவையுங்கள். பிறகு அரிசி. அது கொதித்ததும் கிழங்கு, வாழைக்காய், பலாக்கொட்டை போன்ற கெட்டியான காய்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கத்தரிக்காய் போன்ற மென்மையானவை. அரிசியும் காயும் முக்கால் பதம் வெந்தபிறகுதான் புளித்தண்ணீர், உப்பு, அரைத்த விழுது. கடைசி ஐந்து நிமிடத்தில் கீரை. இறக்கித் தாளித்துக் கொட்டி, வடகத்தை நொறுக்கிப் போட வேண்டும்.

புளி ஏன் கடைசியில்? புளிப்பு, காயும் பருப்பும் மெத்தென்று ஆவதைத் தாமதப்படுத்தும். புளியை முதலில் ஊற்றிவிட்டு, 'ஏன் பருப்பு வேகவே மாட்டேங்குது?' என்று அடுப்பைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. மாங்காய், தக்காளிக்கும் இதே விதிதான்.

தேங்காய் இல்லையா? ஒரு கைப்பிடி பொரிகடலையைச் சீரகம், வத்தலோடு பொடித்துப் போட்டால் கெட்டித்தன்மை வந்துவிடும். துவரம்பருப்பு இல்லையென்றால் பாசிப்பருப்பு. அது சீக்கிரம் வேகும் என்பதால் அரிசியோடு சேர்த்தே போட்டுவிடலாம்.

ஃபிரிட்ஜில் இருக்கும் பொரியலை, சாம்பாரை இதில் சேர்க்கலாமா? தாராளமாக. அவை ஏற்கெனவே வெந்தவை, உப்பு போட்டவை. அதனால் கீரையோடு சேர்த்துக் கடைசியில் போட்டு, பானை முழுக்க நன்றாகக் கொதிக்கும்வரை வைத்திருங்கள். உப்பை ருசி பார்த்துவிட்டுப் பிறகு போடுங்கள். மேலே சொன்ன அந்த எட்டரை மணி ஃபிரிட்ஜுக்கு இதுதான் விடை: அரிசி, பருப்பு, வாழைக்காய் புதிதாக வேகட்டும். சாம்பாரும் பொரியலும் கீரையும் கடைசியில் சேரட்டும். சாம்பார் போவதால் புளியைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

சுண்டக்கறி: விருந்துக்கு மறுநாள் விருந்து

நெல்லைப் பக்கம் கல்யாண வீடு, விசேஷ வீடு முடிந்த ராத்திரி அடுக்களையில் இன்னொரு வேலை நடக்கும். மிஞ்சிய சாம்பார், புளிக்குழம்பு, அவியல், கூட்டு, பொரியல் எல்லாம் ஒரு பெரிய சட்டியில் சேரும். மெல்லிய தீயில் கொதித்துக் கொதித்து, தண்ணீர் வற்றி, கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்டும். அதுதான் சுண்டக்கறி. நாஞ்சில் நாட்டில் இதைப் பழங்கறி என்பார்கள். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு இதைத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தால், முந்தின நாள் விருந்தே மறந்துபோகும் என்று சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

கடல் தாண்டினாலும் இந்தப் பழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பழஞ்சோற்றோடு முந்தின நாள் கறிகளைச் சேர்த்துக் குழைத்து, உருண்டை பிடித்துக் கையில் தருவது பல வீடுகளின் காலைச் சாப்பாடாக இருந்தது.

சுண்டக்கறியில் எல்லாமே சேருமா என்றால், இல்லை. சொதி சேர்க்க வேண்டாம். தேங்காய்ப்பால் பலமாகக் கொதித்தால் திரிந்துவிடும், சீக்கிரம் கெடவும் கெடும். தயிர்ப் பச்சடி, இனிப்புப் பச்சடி, அப்பளம் வேண்டாம். மீன், இறைச்சிக் குழம்பைக் காய்கறியோடு கலக்காமல் தனியாகச் சுண்டவைப்பது நல்லது. பாத்திரம் மண்சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும். புளிப்பான குழம்பை ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ நெடுநேரம் வைக்கக் கூடாது.

கெடாமல் இருந்தது எப்படி?

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் சுண்டக்கறி தாக்குப்பிடித்ததற்கு மூன்று காரணங்கள். முதலாவது, கொதி. இரண்டாவது, புளிப்பு: அமிலத்தன்மை கூடக்கூட பல பாக்டீரியாக்களுக்கு வளர்வது கஷ்டம். மூன்றாவது, வற்றல். தண்ணீர் குறையும்போது உப்பும் புளியும் செறிவாகின்றன. கிருமிகளுக்குக் கிடைக்கும் நீர் குறைகிறது.

இதோடு யாரும் எழுதி வைக்காத ஒரு நாலாவது காரணமும் உண்டு. சட்டிக்குள் போனது கறி மட்டும்தான், சோறு போகவில்லை. ராத்திரி மிஞ்சிய சோறு தனியாகத் தண்ணீருக்குள் போனது. சோறு தண்ணிக்கு, கறி அடுப்புக்கு. இந்தப் பிரிவினைதான் முழு விஷயமும்.

சோறு ஏன் தனி?

அரிசியில் இயல்பாகவே 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு கொதித்தாலும் அந்த வித்துகள் சாகாது. வெந்த சோற்றை வெளியிலேயே வெதுவெதுப்பாக விட்டுவிட்டால், அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். வாந்தியை ஏற்படுத்தும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

'நல்லா கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிடும்' என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. மதியம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி எட்டரை வரை மேடையில் கிடந்த சோற்றை, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் காப்பாற்ற முடியாது. பாக்டீரியா சாகும், நச்சு இருக்கும். பலர் கைபட்ட உணவுக்கும் இதே பிரச்சினை உண்டு. தோலில் வாழும் 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' பாக்டீரியா உண்டாக்கும் நச்சும் சூட்டுக்கு எளிதில் மசியாது. அதனால் பாத்திரத்தில் மிஞ்சியதுதான் மறுசமையலுக்கு. இலையிலோ தட்டிலோ மிஞ்சியது கிடையாது.

சரி, பழைய சோறு மட்டும் எப்படி? ராத்திரி வடித்த சோற்றை ஆறியதும் தண்ணீரில் போடும்போது, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளைத் தடுக்க உதவுகிறது. ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு: அன்று ராத்திரி வடித்த சோறாக இருக்க வேண்டும், சுத்தமான தண்ணீர், சுத்தமான பாத்திரம், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். கெட்ட வாடையோ பிசுபிசுப்போ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

ஃபிரிட்ஜ் மாற்றிவிட்ட கணக்கு

ஃபிரிட்ஜ் கிருமிகளைக் கொல்வதில்லை. வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அது வந்தபிறகு நாம் செய்யும் தப்பு, 'ராத்திரி எடுத்து வச்சுக்கலாம்' என்று பாத்திரத்தைப் பல மணி நேரம் வெளியிலேயே விட்டுவிட்டு, தூங்கப்போகும்போது உள்ளே தள்ளுவது. பழைய முறையில் தாமதம் இல்லை. கறி அன்றைக்கே அடுப்புக்குப் போனது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள் எளிமையானவை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி வரை 70 டிகிரி எட்ட வேண்டும். வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் அந்த 2 மணி நேரத்தை 1 மணி நேரமாகக் குறைக்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண்துறை. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38, 39 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்படியானால் நமக்குப் பாதி வருஷம் ஒரு மணி நேரக் கணக்குதான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்க ஐந்து விதிகள்:

• சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலை மிச்சத்தை எடுத்து வைப்பது. பாத்திரம் கழுவுவது அப்புறம்.
• அகலமான, ஆழம் குறைந்த டப்பாவில் வையுங்கள், சீக்கிரம் குளிரும். சோறும் குழம்பும் தனித்தனி டப்பாவில்.
• சோற்றை 1 நாளுக்குள், குழம்பு, பொரியலை 2 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.
• சூடாக்குவது ஒரே ஒரு முறை. தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.
• மிச்சத்தைப் போட்டுச் செய்த கூட்டாஞ்சோறு மறுபடி மிச்சமாகக் கூடாது. தேங்காய், சோறு, பழைய கறி மூன்றும் அதில் இருக்கின்றன. ஒருவேளைக்கு மட்டும் செய்யுங்கள்.

குழப்பமாக இருந்தால் ஒரே வரியில்: கறி பழசாக இருந்தால் சோறு புதிதாக இருக்கட்டும்.

காய்கறியே இல்லாத நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. பல இடங்களில் மின்சாரம் இல்லை, கடை இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கியது. பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டில் இருந்ததை வைத்துச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் இருந்தாலும் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிர் காக்கும். அதற்குப் பிறகு கைகொடுப்பது டப்பாவில் இருக்கும் உலர்ந்த பொருள்கள். அப்படிப்பட்ட நாளுக்கு நெல்லையின் பதில், உளுந்தஞ்சோறு.

அரிசி 1 டம்ளர், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து கால் முதல் அரை டம்ளர், வெந்தயம் அரை ஸ்பூன், பூண்டு 10 பல், உப்பு, 4 டம்ளர் தண்ணீர். உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் வைத்து 4 விசில். தேங்காய் இருந்தால் ஒரு கைப்பிடி துருவிப் போடலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஒரு காய்கூட வேண்டாம். அரிசியும் உளுந்தும் சேர்வதால் புரதமும் குறைவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் வீட்டில் 2 கிலோ அரிசி, அரை கிலோ உளுந்து, அரை கிலோ பருப்பு, கொஞ்சம் எள், புளி, வத்தல், ஒரு பை வடகம் தனியாக எடுத்து வைத்தால், நாலு பேருக்கு மூன்று நாள் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை.

மிச்சத்தை யார் சாப்பிடுவது?

கடைசியாக ஒரு கேள்வி. இது பாக்டீரியா பற்றியது இல்லை.

பல வீடுகளில் மிச்சத்துக்கு என்று ஒரு ஆள் உண்டு. பெரும்பாலும் அது அம்மா. 'நீங்க சூடா சாப்பிடுங்க, நேத்துக் குழம்பு இருக்குல்ல, எனக்கு அது போதும்' என்ற வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. புதுசு மற்றவர்களுக்கு, பழசு அவர்களுக்கு. எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியில் உட்காரும் பெண்களின் தட்டில்தான் வீட்டின் பழைய உணவு போய்ச் சேருகிறது. அது ஆறு மணி நேரம் மேடையில் கிடந்த சோறாக இருந்தால், மேலே சொன்ன நச்சின் ஆபத்தும் அவர்களுக்குத்தான்.

உணவு வீணாகக் கூடாது என்பது சரி. வீணாகாமல் காப்பாற்றும் பொறுப்பு ஒரே ஒரு வயிற்றுக்கு மட்டும் என்பது சரியில்லை. ஒரு பானைச் சமையலின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. நேற்றைய பொரியலும் இன்றைய அரிசியும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எது யாருக்கு என்று பிரிக்க முடியாது. கூட்டாஞ்சோற்றில் பழசுக்குத் தனித் தட்டு கிடையாது. ஒரே பானை, எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில்.

அதனால் இன்றைக்கு ராத்திரி ஃபிரிட்ஜைத் திறக்கும்போது, பார்சல் சொல்லும் முன் அரை டம்ளர் பருப்பை அடுப்பில் ஏற்றிவிடுங்கள். அது வேகும் நேரத்தில் காயை நறுக்க, தேங்காய் துருவ, டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்க்க ஆளுக்கொரு வேலை இருக்கிறது. கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்துவிட்டு, ஒருவரை மட்டும் அடுப்படியில் நிற்கவைப்பது நியாயமில்லைதானே?